பிரபல செஃப்பின் உணவகத்தில் விசேஷ நாள் விருந்து: டேபிள் பிடிப்பது முதல் பில் வரை

பிறந்தநாளோ திருமண நாளோ, இந்த மாதிரி இடத்தில் கொண்டாடுவதில் முக்கால்வாசி வேலை வீட்டில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். எந்த டேபிள், எது சாப்பிடமாட்டீர்கள், கேக் உண்டா, பணம் எப்போது போகும் என எல்லாமே புக்கிங்கின்போது முடிவாகிறவை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு மாற்றக்கூடியது கொஞ்சம்தான்.

1. பெயர் யாருடையது, அடுப்பு யாருடையது?

பிரெஞ்சு செஃப் ஜோயல் ரொபுஷான் 2018-இல் காலமானார். அவர் பெயரில் உணவகங்கள் இன்றும் நடக்கின்றன. அமெரிக்க செஃப் தாமஸ் கெல்லருக்குப் பல உணவகங்கள்; அவற்றில் பெயர்பெற்றவை கலிஃபோர்னியாவில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று. இந்த இரண்டின் சமையலறைகளையும் நேரலை வீடியோவில் இணைத்துவைத்ததே ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதால்தான். கார்டன் ராம்சே லண்டனின் செல்சியில் 1998-இல் தொடங்கிய உணவகம் 2001 முதல் மூன்று மிஷலின் ஸ்டார்களை (மிஷலின் உணவக வழிகாட்டி தரும் உச்ச மதிப்பு) தக்கவைத்திருக்கிறது. அங்கும் அன்றாடச் சமையலை நடத்துவது தலைமை செஃப்தான்.

ஆகவே செஃப்புடன் படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால், கிளைகள் அதிகம் உள்ளவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் அன்று இருப்பாரா என்று மின்னஞ்சலில் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள்.

2. மெனுவின் வகை

டேஸ்டிங் மெனு என்றால் சின்னச் சின்னதாகப் பல தட்டுகள், மூன்று மணி நேரம் போல் நகராமல் உட்கார வேண்டும். முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் மதிய உணவுக்குப் போங்கள். பல இடங்களில் மதியம் மெனு சிறியது, விலை குறைவு, டேபிளும் சுலபமாகக் கிடைக்கும். இரவுதான் விசேஷம் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

3. டேபிள் பிடிப்பது

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் உணவகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். அங்குள்ள புக்கிங் பொத்தான் ஓப்பன்டேபிள், ரெசி என ஏதாவது ஒரு புக்கிங் தளத்துக்குக் கொண்டுபோகும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பு வழியாகப் போகவேண்டாம். டேபிளை மறுவிற்பனை செய்யும் தளங்களையும் தவிருங்கள். உணவகத்தின் ஒப்புதல் இல்லாமல் அப்படி விற்பதற்கு எதிராக நியூயார்க் மாநிலம் 2024-இல் சட்டமே போட்டது.

டேபிள்கள் திறக்கும் முறை இரண்டு. ஒன்று, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அடுத்த மாதம் முழுவதும் மொத்தமாகத் திறக்கும். மற்றொன்று, தினமும் ஒரு நாள் வீதம் திறக்கும். இரண்டாவதில் ‘60 நாள் முன்பு’ என்று போட்டிருந்தால், இன்றையும் சேர்த்தா, விட்டா என்ற குழப்பம் வரும். விரலை மடக்கி எண்ணவேண்டாம். உங்களுக்கு வேண்டிய தேதி புக்கிங்குக்குத் திறப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே காலண்டரைத் திறந்து, கடைசியாகத் திறந்திருக்கும் தேதி எது, அது எத்தனை மணிக்கு மாறுகிறது என்று பாருங்கள். அதுதான் நிச்சயமான கணக்கு.

அடுத்தது நேர மண்டலம். ‘காலை 10 மணி’ என்றால் உணவகம் இருக்கும் ஊரின் 10 மணி. லண்டனில் அது கோடையில் யூடிசி (உலகப் பொது நேரம்) 9 மணி, குளிர்காலத்தில் யூடிசி 10 மணி. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகின்றன, ஆண்டின் பிற்பகுதியில் திருப்பிவைக்கின்றன. மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மனக்கணக்கை நம்பாமல், கைபேசியின் உலகக் கடிகாரத்தில் அந்த ஊரைச் சேர்த்துவிடுங்கள்.

பத்து நிமிடம் முன்பே கணக்கில் உள்நுழைந்து, கார்டு விவரத்தைச் சேமித்து வையுங்கள். வெளிநாட்டு உணவகம் என்றால் கார்டில் பன்னாட்டுப் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்கிறதா, வரம்பு போதுமா என்று முந்தைய நாளே பாருங்கள். டேபிளைத் தேர்ந்தெடுத்ததும் தளம் அதைச் சில நிமிடம்தான் பிடித்துவைக்கும். ஓடிபி வருவதற்குள் அந்த நேரம் தீர்ந்தால் டேபிள் அடுத்தவருக்குப் போய்விடும். இதற்குக் கைபேசிச் செயலியைவிடக் கணினி உலாவியே மேல். கைபேசி ஓடிபிக்காகச் சும்மா இருக்கட்டும்.

இரண்டு பேர், நான்கு பேர் என்றால் சுலபம். மூன்று பேரை நான்கு பேர் டேபிளில்தான் உட்காரவைப்பார்கள். ஏழு, எட்டு பேர் என்றால் இணையத்தில் கிடைக்காது, நேரடியாக எழுதிக் கேளுங்கள். இரண்டு நால்வர் டேபிள்களைத் தனித்தனியாகப் பதிந்து ‘சேர்த்துப் போடுங்கள்’ என்று கேட்பது அநேகமாக நடக்காது.

4. பணம்

மூன்று விதம் உண்டு. கார்டு எண்ணை மட்டும் வாங்கி, வராவிட்டால் அபராதம் எடுப்பது. முன்பணம் வாங்கி பில்லில் கழிப்பது. முழுத் தொகையையும் சினிமா டிக்கெட் போல முன்கூட்டியே வாங்குவது. கடைசி வகையைப் பரவலாக்கியவர் சிகாகோ அலினியா உணவகத்தின் முன்னாள் பங்குதாரர் நிக் கோகோனஸ். டாக் என்ற புக்கிங் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். இந்த வகையில் பணம் திரும்பாது என்றாலும், டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று விதிகளில் பாருங்கள்.

5. குறிப்புப் பெட்டி

‘சிறப்புக் கோரிக்கை’ என்ற பெட்டியைக் காலியாக விடாதீர்கள். ‘சைவம்’ என்று ஒரு சொல்லில் முடிக்கவும் வேண்டாம். சைவத் தட்டிலும் இறைச்சி வேகவைத்த சாறு, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மீன் சாஸ் இருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறையவைப்பது. வூஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி இருக்கும். முட்டை உண்டா, பால் உண்டா, சாஸில் மது சேரலாமா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வாமையையும் விருப்பமின்மையையும் தனித்தனி வரியில் போடுங்கள். பிடிக்காததை ஒவ்வாமை என்று எழுதினால் சமையலறை தனிப் பாத்திரம், தனிக் கத்தி என்று ஓடும், அது நியாயமில்லை.

விசேஷத்தையும் இங்கேயே சொல்லுங்கள்: என்ன நாள், யாருக்கு, தட்டில் எழுதவேண்டிய பெயர். ரகசியம் என்றால் ‘வரவேற்பில் வாழ்த்தவேண்டாம், இனிப்பின்போது போதும்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே வாழ்த்தி ரகசியத்தை உடைத்துவிடுவார்கள். சொந்தக் கேக் கொண்டுபோக அனுமதி வேண்டும், வெட்டித் தரத் தனிக் கட்டணமும் வரலாம். மோதிரத்தை இனிப்புக்குள் ஒளித்துவைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். விழுங்கலாம், பல் உடையலாம். இனிப்புத் தட்டுடன் தனிப் பெட்டியில் கொண்டுவரச் சொன்னால் போதும்.

6. அன்று

உறுதிசெய்யக் கேட்டு வரும் குறுஞ்செய்திக்குப் பதில் சொல்லாவிட்டால் டேபிள் போகலாம். தாமதம் என்றால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மெனுவில் சில தட்டுகளுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூடுதல் தொகை போட்டிருக்கும்; பணியாளர் ‘ட்ரஃபிள் (விலையுயர்ந்த ஒரு காளான் வகை) சேர்க்கட்டுமா?’ என்று இனிமையாகக் கேட்பது அதைத்தான். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. சர்வீஸ் சார்ஜ் பில்லில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தபிறகு டிப்ஸை யோசியுங்கள்.

பின்சேர்க்கை: ‘எல்லாம் நிரம்பிவிட்டது’ என்று வந்தால்?

வெயிட்லிஸ்ட்டில் பெயர் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அறிவிப்பு ஒரே நேரத்தில் பலருக்கும் போகும் தளங்களில், முதலில் தட்டுபவருக்கே டேபிள். அதைவிட நல்ல வழி, உணவகத்தின் ரத்து விதியைப் படிப்பது. 48 மணி நேரத்துக்கு முன்வரை அபராதமில்லை என்றிருந்தால், போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கெடு முடிவதற்குச் சற்று முன்தான் விடுவார்கள். சனி இரவு 8 மணி டேபிள் வேண்டுமென்றால், வியாழன் மதியம் முதல் இரவு 8 வரை அடிக்கடி பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.