சின்னக் கம்பெனிக்கு அவசரகாலத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

"அதெல்லாம் வரும்போது பார்த்துக்கலாமுங்க." நம் பக்கத்து முதலாளிகள் பலருக்கு இதுதான் திட்டம். பாதி நேரம் இது வேலையும் செய்கிறது. ஆனால் திருப்பூரில் நடந்ததைப் பாருங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதே வருடம் நவம்பரில் நொய்யல் ஆற்றில் வெள்ளம். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோ பரவி, பயந்துபோய் ரயிலேறிய தொழிலாளர்கள் பலர். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. அதனால் அடுத்து எது வரும் என்று ஊகிப்பதை விட்டுவிடுங்கள். நம்மிடம் எது நின்றால் எல்லாம் நிற்கும் என்று பார்ப்பதுதான் வேலை.

முப்பது தையல் மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனியை வைத்துச் சொல்கிறேன். கோவை பம்ப் பட்டறைக்கும் கரூர் தறிக்கும் பெயர்கள்தான் மாறும்.

படி 1: ஒரு ஆர்டர் போகும் வழியை எழுதுங்கள்

நூல், நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம்: யார் செய்கிறார்கள், அது நின்றால் எத்தனை நாள் தாங்கும். ஒரே ஒரு பெயர் இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒரே பேட்டர்ன் மாஸ்டர், பட்டன் துளை போடும் ஒரே காஜா மெஷின், ஒரே சாயப்பட்டறை. தாங்கும் நாள் குறைவாக உள்ள வட்டத்தை முதலில் கையிலெடுங்கள்.

படி 2: வட்டத்துக்கு இரண்டாவது ஆளைத் தேடுங்கள்

போன் நம்பர் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. சாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டறையில் லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் போட்ட மாதிரி) போட்டு, ஷேடு பார்த்து, பையர் ஒப்புதல் வருவதற்குள் ஷிப்மென்ட் தேதி போய்விடும். அதனால் வேலை நிதானமாக இருக்கும் மாதத்திலேயே இரண்டாவது பட்டறைக்கு ஒரு சின்ன லாட் கொடுத்து ஷேடு சரிபார்த்து வையுங்கள். சில பையர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட பட்டறையில்தான் சாயம் போட வேண்டும் என்பார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஏர் பிரைட்டில் சரக்கு அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

படி 3: கணக்கும் கடவுச்சொல்லும்

டேலி என்ற கணக்கு சாப்ட்வேரின் டேட்டாவைத் தினமும் பேக்கப் எடுப்பதாகப் பலரும் சொல்வார்கள். அந்த ஹார்டு டிஸ்க் எங்கே என்று கேட்டால் அதே கம்ப்யூட்டரில் செருகியபடி இருக்கும். பைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகை இடத்தில், அதில் ஒன்று கம்பெனிக்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, நேற்றைய பில் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பேட்டர்ன் பைல்களுக்கும் இதேதான்.

இன்னொன்று, ஓடிபி. ஜிஎஸ்டி, சரக்கு லாரிக்கு வேண்டிய இ-வே பில், பேங்க் எல்லாம் அக்கவுண்டன்ட் ஒருவரின் சொந்த போனுக்குப் போகிறதா? அவர் லீவில் கொடிவேரி அணையில் குளித்துக்கொண்டிருக்கும்போது லாரி வாசலில் நிற்கும். கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த நம்பருக்கு மாற்றுங்கள்.

படி 4: கரண்டும் தீயும்

ஜெனரேட்டரில் எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை. எந்த லைன், எந்த கம்ப்ரசர் என்று முன்பே முடிவு செய்து ஸ்விட்சில் எழுதி ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுங்கள். பேட்டரி இறங்கியிருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மோட்டாரிலும் டியூப் லைட் பட்டியிலும் படியும் பஞ்சுப் பிசிறைத் துடைக்க ஒரு ஆளை நியமியுங்கள். மாடிப்படியில் வேஸ்ட் மூட்டை அடுக்கக் கூடாது, ஒரு நாளைக்குக் கூட.

படி 5: இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படியுங்கள்

கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை உள்ள யூனிட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. தீயோடு வெள்ளமும் இதில் அடங்கும். மெஷின் தானாகப் பழுதானால் அடங்காது. இழந்த லாபத்துக்கும் தனி பாலிசி வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டுவதுதான் பெரிய சிக்கல். ஒரு கோடி மதிப்புள்ளதை 50 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 20 லட்சம் எரிந்தாலும் 10 லட்சம்தான் கைக்கு வரும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே போயிருக்கும் துணிக்கு அந்த இடத்தையும் பாலிசியில் சேர்த்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.

படி 6: ஒத்திகை

வேலை குறைவான ஒரு நாளில், காலையிலிருந்து மதியம் வரை முதலாளி போனை அணைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். முன்கூட்டிச் சொல்லக் கூடாது. திரும்பி வந்ததும் எந்தெந்த வேலை அவருக்காகக் காத்துக் கிடந்தது என்று சூப்பர்வைசரைக் கேட்டு எழுதுங்கள். செக்கில் கையெழுத்து, டீசல் வாங்கக் காசு, மெயிலுக்குப் பதில் என்று ஒரு பட்டியல் வரும். அத்தனையும் படி 1 தாளில் புது வட்டங்கள்.

தாளைத் தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை திருத்துங்கள். ஊருக்குப் போகிறவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்பது அப்போது ஓரளவு தெரிந்துவிடும். ஒரு பிரதி கம்பெனியில், ஒன்று வீட்டில், ஒன்று சூப்பர்வைசர் போனில்.