தேவனுடைய முகத்தைத் தேடும் ஜெபம்: தனிஜெபத்துக்கு ஒரு வழிகாட்டி

ஜெபிக்க உட்கார்ந்ததும் நம்மில் பெரும்பாலோர் கையில் எடுப்பது தேவைகளின் பட்டியலைத்தான். கடன், வேலை, பிள்ளையின் படிப்பு, உடல்நலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம். கேட்பது தவறல்ல. கேளுங்கள் என்று சொன்னவர் இயேசுவே. ஆனாலும் கேட்பது மட்டுமே ஜெபமாகிவிட்டால் அது சீக்கிரம் வறண்டுபோகும். ஐந்து நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. கேட்டது கிடைக்காமல் போனால் திரும்ப முழங்காலிடவே மனம் வராது.

"என் முகத்தைத் தேடுங்கள் என்று சொன்னீரே, உம்முடைய முகத்தையே தேடுவேன் கர்த்தாவே என்று என் இருதயம் உம்மிடத்தில் சொல்லிற்று" (சங்கீதம் 27:8). இந்த வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தேவன் பேசுகிறார், பிறகுதான் தாவீது பதில் சொல்கிறார். தனிஜெபத்தையும் இதே வரிசையில் அமைத்துக்கொள்ள வேண்டும். வேதம் முதலில், நம் வார்த்தைகள் அதற்கு மறுமொழி. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகளே.

நேரம், இடம், உடல்

ஆரம்பிக்கிறவர்கள் ஒரு மணி நேர ஜெபத்துக்குத் திட்டமிட வேண்டாம். உற்சாகத்தில் தொடங்கும் ஒரு மணி நேரம் பெரும்பாலும் சில நாட்களிலேயே நின்றுவிடுகிறது, குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. முதல் மாதம் தினமும் 15 நிமிடம் போதும். அது பழகிய பிறகு 20, 30 என்று தானாக நீளும். அளவைவிட ஒழுங்கு முக்கியம். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஜெபித்தார். ராஜாவின் தடை உத்தரவு வந்த நாளிலும் "முன் செய்துவந்தபடியே" செய்தார் என்கிறது வேதம் (தானியேல் 6:10). நெருக்கடி வந்த நாளில் அவரைத் தாங்கியது ஏற்கெனவே இருந்த பழக்கம்.

அதிகாலைதான் பரிசுத்தமான வேளை என்று சட்டம் எதுவும் இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததும் உண்டு (மாற்கு 1:35), இராமுழுவதும் மலையில் ஜெபித்ததும் உண்டு (லூக்கா 6:12). உங்கள் மனம் தெளிவாக இருக்கும் வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவுப் பணிக்குப் போகிறவருக்கு அது பிற்பகலாக இருக்கலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்குக் குழந்தை தூங்கும் பத்து நிமிடமாக இருக்கலாம். ஆனால் நாளின் மிச்சமீதி நேரத்தைக் கொடுக்காதீர்கள். கண் சொருகும் நேரத்தில் தொடங்கும் ஜெபம் தூக்கத்தில்தான் முடியும்.

இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 6:6). தனி அறை இல்லாத வீட்டில் ஒரு மூலையும் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியும் போதும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேதாகமத்தைக் கைபேசியில் வாசிப்பவர்கள் இந்த நேரத்துக்காவது அச்சிட்ட வேதாகமத்தை எடுப்பது நல்லது. ஒரே ஒரு செய்தி வந்து விழுந்தாலும், சிதறிய கவனத்தைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போய்விடும்.

முழங்கால் போட முடியாதவர்கள் கலங்க வேண்டாம். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தார் (2 சாமுவேல் 7:18). இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) தூரத்தில் நின்று ஜெபித்தான். கெத்செமனே தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த அன்னாளுக்கு உதடுகள் மட்டுமே அசைந்தன. தூக்கம் வந்தால் எழுந்து நில்லுங்கள், மெதுவாக நடங்கள், சத்தமாக ஜெபியுங்கள். மனம் அலைபாய்கிறவர்களுக்கும் வாய்விட்டு ஜெபிப்பதே நல்ல மருந்து.

வசனத்திலிருந்து ஜெபத்துக்கு

எந்தப் பகுதியை எடுப்பது என்று தினமும் யோசித்து நேரத்தைக் கரைக்காதிருக்க, சங்கீதங்களிலிருந்து தொடங்குங்கள். 150 சங்கீதங்களையும் ஒரு மாதத்துக்குள் அடக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தேதியை எடுத்து அதனோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. இந்த ஐந்தையும் வேகமாக ஒரு பார்வை பார்த்து, அன்றைக்கு மனதைத் தொடும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 29-ஆம் தேதி வரும் 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருக்கின்றன. அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்து, அதிலும் ஒரு எட்டு வசனப் பகுதியை மட்டும் வாசியுங்கள்.

தேர்ந்தெடுத்த சங்கீதத்தை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாவது முறை வாய்விட்டு. எந்த வரியில் மனம் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அடுத்து என்ன செய்வது என்று பலரும் திகைப்பது இந்த இடத்தில்தான். இதற்கு ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535-இல், தமக்கு முடி திருத்திவந்த பேதுரு என்பவருக்கு எழுதிக்கொடுத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழைகளாகப் பிரித்து ஜெபிக்கச் சொன்னார் அவர்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதை ஸ்தோத்தரிப்பேன், இதில் எதை அறிக்கையிட வேண்டும், இதை வைத்து எதைக் கேட்பேன். எந்த வசனத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

சங்கீதம் 62:8-ஐ எடுத்துக்கொள்வோம்: "ஜனங்களே, எக்காலத்திலும் அவரை நம்புங்கள், அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள், தேவன் நமக்கு அடைக்கலமாயிருக்கிறார்." இதை ஜெபமாக்கினால் இப்படி வரும்:

"கர்த்தாவே, நல்ல காலத்தில் மட்டுமல்ல, எக்காலத்திலும் உம்மை நம்பலாம் என்று சொல்லுகிறீர். நான் உள்ளதை மறைக்காமல் ஊற்றிவிடும்படி கூப்பிடுகிற தேவன் நீர்.

நான் உம்மை மறந்திருந்த நாட்களிலும் நீர் எனக்கு அடைக்கலமாயிருந்தீர். உமக்கு ஸ்தோத்திரம்.

நேற்று என் பயத்தை உம்மிடம் கொண்டுவராமல் இரவெல்லாம் என் மனதுக்குள்ளேயே புரட்டிக்கொண்டிருந்தேன். மனுஷருடைய தயவை உம்மைவிட அதிகமாக நம்பினேன். மன்னியும்.

இன்று வரப்போகிற அந்தப் பேச்சுவார்த்தையில் உம்மை நம்பி நிற்கக் கிருபை தாரும்."

இந்த ஜெபத்தில் விண்ணப்பம் கடைசியில் வருகிறது. அதுவரை வந்தவை அந்த விண்ணப்பத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. முதலில் "பேச்சுவார்த்தை எனக்குச் சாதகமாக முடியட்டும்" என்று கேட்க நினைத்தவர், "உம்மை நம்பி நிற்கட்டும்" என்று கேட்கிறார். தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறீர்கள் என்று யாக்கோபு கடிந்துகொள்ளும் தவறு (யாக்கோபு 4:3) இப்படித்தான் உள்ளிருந்தே திருத்தப்படுகிறது.

நான்கு இழைகளையும் தினமும் முடித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஸ்தோத்திரத்திலேயே மனம் தங்கிவிட்டால் அங்கேயே இருங்கள். நல்ல சிந்தனைகள் பெருகும்போது மற்றதை விட்டுவிட்டு அமர்ந்து கேட்கும்படி லூத்தரும் அதே எழுத்தில் சொல்கிறார்.

கடைசி இரண்டு மூன்று நிமிடம் வார்த்தைகளை நிறுத்துங்கள். மனதை வெறுமையாக்கும் முயற்சி அல்ல இது. அந்த ஒரே வரியோடு அவர் முன் இருப்பது. எண்ணம் ஓடினால் உங்களையே திட்டிக்கொள்ளாமல் அந்த வரிக்குத் திரும்புங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறையும் திரும்புங்கள், அந்தத் திரும்புதலும் தேடுதல்தான். "மின் கட்டணம் கட்டவில்லை" போன்ற நினைவுகள் குத்திக்கொண்டே இருந்தால் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு மனிதருடைய முகம் திரும்பத் திரும்ப வந்தால் அது இடையூறாக இல்லாமலும் இருக்கலாம். அவருக்காக ஒரு வரி ஜெபியுங்கள்.

கர்த்தருடைய ஜெபம்

எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதியும் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு கொடுத்தது, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும் இந்த ஜெபம்தான். வேகமாகச் சொன்னால் அரை நிமிடம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நின்று, அதை உங்கள் சொந்த வார்த்தைகளில் விரித்தால் 15 நிமிடமும் போதாது. நாமம், ராஜ்யம், சித்தம் ஆகிய மூன்றும் முடிந்த பிறகே ஆகாரம் வருகிறது. வறண்ட நாட்களிலும், வியாதியில் சொந்த வார்த்தை எழும்பாத நாட்களிலும், இதை மெதுவாகச் சொல்வதே முழு ஜெபம்.

ஒரே வார்த்தைகளைத் திரும்பச் சொல்வது வீண்வார்த்தையாகிவிடுமோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைப்பதைத்தான் இயேசு கண்டித்தார் (மத்தேயு 6:7). அவரே கெத்செமனேயில் அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாந்தரமும் ஜெபித்தார். "இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற சிறு ஜெபத்தைக் கிழக்கத்தியத் திருச்சபையார் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பயணத்திலும் காத்திருக்கும் நேரங்களிலும் அது நல்ல துணை.

தடைபடும்போது

ஜெபம் கனத்துப்போனால் முதலில் உறவுகளைப் பாருங்கள். வேதம் இதில் மிகவும் வெளிப்படையாக இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்கிறது (மத்தேயு 5:24). நின்று ஜெபிக்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் மன்னிக்கச் சொல்கிறது (மாற்கு 11:25). மனைவியைக் கனப்படுத்தாத கணவனுடைய ஜெபம் தடைபடும் என்கிறது (1 பேதுரு 3:7). இந்த மூன்றில் ஒன்று உறுத்தினால் அன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு மன்னிப்பு. கூடுதல் நேரம் ஜெபித்து இதை ஈடுகட்ட முடியாது. பாவ அறிக்கையிலும் "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லி நழுவாமல், செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தேவன் மறைந்திருப்பதுபோலத் தோன்றும் காலங்கள் உண்டு. அது உங்கள் விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்" என்று கேட்கிறது 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது கர்த்தரை நோக்கிச் சொன்னது. அந்த நாட்களில் போலியான துதியை வலிந்து சொல்ல வேண்டாம். இந்தச் சங்கீதங்களை உங்கள் சொந்த வார்த்தைகளாகவே வாசியுங்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம்.

உடல் சோர்வையும் ஆவிக்குரிய சோர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். தூங்கி எழுந்தவருக்கு அதையே மறுபடியும் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19:5-8). தேவன் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். தூக்கமின்மை, விடாத மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் உடனே மருத்துவரையும் நம்பிக்கையான ஒருவரையும் நாடுங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. உபவாசத்துக்கும் இது பொருந்தும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்கக் கூடாது. மற்றவர்கள் ஒருவேளை உணவை விட்டு, தண்ணீர் குடித்து, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுத்துத் தொடங்கலாம்.

ஜெபத்தில் மனதில் எழும் எல்லாவற்றையும் "ஆண்டவர் சொன்னார்" என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. வேதத்துக்கு முரணாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். திருமணம், வேலை, பணம் சம்பந்தப்பட்டதானால் விசுவாசத்தில் முதிர்ந்த, உங்களுக்கு ஆமாம்போடாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வழிநடத்துதலாக எடுப்பது குறிபார்ப்பதுதான், அது தேவனைத் தேடுவதல்ல.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வசனம், ஒரு வரி விண்ணப்பம், எதிரே ஒரு காலி இடம். பதில் வந்ததும் அங்கே குறித்துவையுங்கள், "இல்லை" என்ற பதிலையும் சேர்த்து. தம் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட ஒரு முள் என்று தம் வேதனையைக் குறிப்பிட்ட பவுல், அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை வந்தது (2 கொரிந்தியர் 12:9). இதைப்போன்ற பதில்கள் எழுதிவைக்காவிட்டால் மறந்துபோகும்.

நாட்கள் விட்டுப்போகும். மூன்று நாள் தவறினால் விட்ட சங்கீதங்களைச் சேர்த்து வாசித்துப் பாக்கியைத் தீர்க்க உட்காராதீர்கள், அந்தச் சுமையே நான்காவது நாளையும் விழுங்கிவிடும். அன்றைய தேதிக்குரிய சங்கீதத்தைத் திறந்து, தவறியதை ஒரே வாக்கியத்தில் அறிக்கையிட்டுவிட்டு, வாசிக்கத் தொடங்குங்கள்.