முட்டை இல்லாத கேக்: எதற்குப் பதில் எது

என் தங்கை மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பது அவளுடைய முதல் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்புதான் தெரிந்தது. மும்பை செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் எதிர் வீடு ஜைனக் குடும்பம், மேல் மாடியில் குஜராத்திகள், ஆக எல்லார் வாயிலும் ஒரு துண்டு போக வேண்டுமென்றால் கேக்கில் முட்டை கூடாது. வழக்கமாகச் செய்யும் 4 முட்டை ஸ்பாஞ்ச் கேக்கை எடுத்து, 4 முட்டைக்கும் பதிலாக ஆளி விதைக் கரைசலை ஊற்றினேன். மேலே காய்ந்து, உள்ளே களியாக நின்றது. குழந்தையின் கேக் என்பதால் அன்று ரொம்ப வருத்தமாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முட்டைக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்பதற்கு முன், அந்தச் செய்முறையில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓடு நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் உள்ள புரதம் சூட்டில் இறுகி கேக்கைத் தாங்கிப் பிடிக்கிறது, மஞ்சள் கரு எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது, வெள்ளைக் கருவை அடித்தால் காற்றைப் பிடித்துக்கொண்டு நுரைக்கிறது. இத்தனையையும் சேர்த்துச் செய்கிற ஒரு பொருள் நம் சமையலறையில் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும்தான் செய்யும். அதனால் செய்முறையில் 1 முட்டை என்றால் தைரியமாக மாற்றுங்கள், 2 என்றால் யோசித்து மாற்றுங்கள். 3, 4 என்று போனால் மாற்றவே வேண்டாம், முட்டை இல்லாமலே எழுதப்பட்ட செய்முறையைத் தேடுங்கள். ஒரு டஜன் வெள்ளைக் கரு கேட்கிற ஏஞ்சல் ஃபுட் கேக்கில் எல்லாம் கை வைக்காதீர்கள்.

சாதாரண வெனிலா கேக், கப் கேக் இவற்றுக்கு என் முதல் தேர்வு தயிர். ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர். தயிரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் காற்று கிளம்பும், கேக் உப்புவது அதில்தான். நான் செய்யும் அளவு இது: ஒரு கப் தயிரில் முக்கால் கப் பொடித்த சர்க்கரையைக் கரைத்து, அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவும் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போட்டு 5 நிமிடம் அப்படியே விடுங்கள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தால் சின்னதாக ஒரு சலசலப்பு கேட்கும், மேலே குமிழ் குமிழாக ஏறி வரும். அது வரவில்லை என்றால் சோடா பழசு, கேக்கும் உப்பாது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். வந்துவிட்டால் அரை கப் வாசனை இல்லாத எண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா, அப்புறம் சலித்த மைதா ஒன்றரை கப். இட்லி மாவு பதம் இருக்க வேண்டும். மாவைப் போட்ட பிறகு அடிக்கவே அடிக்காதீர்கள், முட்டை இல்லாத கேக்கைத் தாங்குவது பெரும்பாலும் மைதாவின் பசைதான், அதைக் கிளறிக் கிளறி இறுக்கிவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஓடிஜியை (கேக் சுடும் மின் அடுப்பு) முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் சோடா காத்திருக்காது. 35 முதல் 40 நிமிடம், நடுவில் குச்சி குத்திப் பார்த்து எடுங்கள்.

சோடாவைக் கூட்டினால் இன்னும் உப்பும் என்று சிலர் அள்ளிப் போடுகிறார்கள். சோப்பு வாசனைதான் மிஞ்சும், நிறமும் கருத்துவிடும்.

முட்டை போகும்போது மஞ்சள் நிறமும் கூடவே போய்விடுகிறது. அதற்கு ஒன்றரை கப் மைதாவில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு அதே அளவு வெனிலா கஸ்டர்ட் பவுடர் போடுவேன். கஸ்டர்ட் பவுடர் சோள மாவுதான், அதில் முட்டை கிடையாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்ததே மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால்தான். அந்த அம்மாவுக்கு ஈஸ்டும் ஆகாது, அதற்காக அவர் 1843இல் பேக்கிங் பவுடரும் செய்தார். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் இரண்டு டப்பாக்களும் யாரோ ஒருவர் தன் வீட்டு ஆளுக்காக யோசித்ததில் வந்தவை.

சாக்லெட் கேக்குக்குத் தயிர்கூட வேண்டாம். ஒரு கப் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டு 5 நிமிடம் வைத்தால் திரிந்து கெட்டியாகும், அதையே பாலுக்கும் முட்டைக்கும் பதிலாக ஊற்றலாம். வினிகர் வாசனை வெந்ததும் போய்விடும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்வது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழி, நன்றாகவும் வரும். ஆனால் எனக்கு அந்தத் தித்திப்பு அதிகம். செய்தால் சர்க்கரையை மறக்காமல் குறையுங்கள்.

ஆளி விதை இங்கே கடையில் அல்சி என்றும் ஜவஸ் என்றும் கிடைக்கும். வறுத்து உப்புப் போட்டதை முக்வாஸ் என்று விற்கிறார்கள், அதை வாங்கிவிடாதீர்கள், பச்சை விதைதான் வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடிக்கு 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர், கால் மணி நேரம். கரண்டியில் எடுத்தால் வெண்டைக்காய் மாதிரி இழுபட வேண்டும். இது பிடித்து வைக்கும், உப்ப வைக்காது. அதனால் பிரவுனி, கோதுமை மாவு மஃபின், ஓட்ஸ் குக்கி இவற்றுக்குச் சரி, வெள்ளை ஸ்பாஞ்சுக்கு உதவாது. வாழைப்பழம் என்றால் மசித்து கால் கப், நன்கு கனிந்து தோல் கறுத்ததாக இருக்கட்டும். பழ வாசனை வந்தே தீரும், அதைப் பிடிக்காதவர்களுக்குச் செய்யாதீர்கள். சாதாரண பிஸ்கட்டுக்கு 3 டேபிள்ஸ்பூன் பால் போதும். நான்கட்டாயில் முட்டைக்கு வேலையே இல்லை. பாவ் மேலே பளபளப்புக்கு முட்டை தடவச் சொன்னால் பால் தடவுங்கள், வெந்து வந்ததும் வெண்ணெய்.

அலர்ஜி உள்ள குழந்தைக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில வெளிநாடுகளில் எக் சப்ஸ்டிட்யூட் என்று விற்கும் திரவம் பெரும்பாலும் வெள்ளைக் கருவிலேயே செய்தது, பெயரைப் பார்த்து யாரும் கொண்டுவந்து கொடுத்தால் பொருள் பட்டியலைப் படியுங்கள். முன்பு முட்டை அடிக்கப் பயன்படுத்திய பீட்டர் கருவி, கிண்ணம், டின்னின் மடிப்பு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே தொடங்குங்கள். நான் தனியாக ஒரு டின்னும் கரண்டியும் வாங்கி வைத்துவிட்டேன்.

கடைசியாக, நுரைக்கு. இதைத்தான் நான் நம்பாமல் இருந்தேன். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக் கரு மாதிரியே நுரைக்கும் என்று 2014இல் ஜோயல் ரோஸெல் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார், அடுத்த ஆண்டு அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வந்தது. நவராத்திரியில் சுண்டலுக்கு வேகவைத்து வடித்ததை நாம் காலம்காலமாக ரசத்தில் ஊற்றுகிறோம் அல்லது கொட்டுகிறோம், இல்லையா? வெள்ளைக் கொண்டைக்கடலையாக எடுத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் கடலை மூழ்கும் அளவுக்கு மட்டும் வைத்து, உப்புப் போடாமல் குக்கரில் வேகவிடுங்கள். வடித்த நீரை வெள்ளைக் கரு மாதிரி வழவழப்பாகும் வரை சுண்டவைத்து, ஃபிரிட்ஜில் குளிர்வித்து, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத கிண்ணத்தில் 4 சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஹேண்ட் பீட்டரில் அடியுங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி கலங்கி ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். 6, 7 நிமிடத்தில் பீட்டரின் தடம் அப்படியே நிற்க ஆரம்பிக்கும், சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. மெரிங் (இந்த இனிப்பு நுரையை அவனில் மொறுமொறுப்பாகக் காயவைப்பது) செய்யலாம், 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காயவிட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் மட்டும் செய்யாதீர்கள், டப்பாவைத் திறந்த அரை மணியில் பிசுபிசுத்துவிடும்.

சுண்டவைத்த இந்தக் கடலை நீர் 3 டேபிள்ஸ்பூன் ஒரு முட்டைக்கு, 2 டேபிள்ஸ்பூன் ஒரு வெள்ளைக் கருவுக்கு. மீந்ததை ஐஸ் ட்ரேயில் ஒரு குழிக்கு ஒரு டேபிள்ஸ்பூனாக ஊற்றி உறையவைத்துவிட்டால் வேண்டும்போது எண்ணி எடுத்துக்கொள்ளலாம். சுண்டலுக்கு உப்பைத் தாளிக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.