மனச்சிதைவு: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள், உங்கள் வீட்டில் வேண்டாம்

எங்கள் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்தபோது அவனுக்கு வயது 22. தெரிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, அதற்கு ஒன்றரை வருஷம் முன்பிருந்தே அவன் சரியில்லை, நாங்கள்தான் அதற்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றார் அத்தை. காதல் தோல்வி என்றார் மாமா. அப்பா ஒரே வார்த்தையில் திமிர் என்று முடித்துவிட்டார். குளிக்காமல், யாரிடமும் பேசாமல், ராத்திரி முழுக்க மாடியில் நடந்துகொண்டே இருந்த ஒருவனுக்கு ஊரில் எத்தனை காரணம் கிடைத்தது!

இப்போது பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை காலம் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்ததில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்த அம்மாக்களோடு பேசியிருக்கிறேன். நோய் உச்சத்தில் இருக்கும்போது யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை, பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறோம். பெரிய தவறுகள் எல்லாம் ஆள் நன்றாக இருக்கிற மாதங்களில்தான் நடக்கின்றன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

முதலில் பெயரில் இருக்கிற குழப்பம். மனச்சிதைவின் ஆங்கிலப் பெயரான ஸ்கிசோஃப்ரீனியா என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள், பகலில் ஒருத்தன் ராத்திரியில் ஒருத்தன் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேறு. 1908இல் பிளாய்லர் என்ற ஸ்விஸ் மருத்துவர் இந்தப் பெயரை வைத்தபோது அவர் சொல்ல வந்தது, எண்ணமும் உணர்ச்சியும் நடத்தையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதை. இல்லாத குரல் கேட்கும், யாரோ துரத்துகிறார்கள், சதி செய்கிறார்கள் என்று அசைக்க முடியாத நம்பிக்கை வரும், பேச்சு கோர்வை இல்லாமல் போகும். உலகம் முழுக்கச் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, உங்கள் தெருவிலும் யாராவது இருக்கலாம், மறைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

குரலும் சந்தேகமும் எல்லோர் கண்ணிலும் படும். படாத பகுதி ஒன்று உண்டு, எங்களை அதிகம் ஏமாற்றியது அதுதான். மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் குரல் அடங்கிவிட்டது, ஆனால் அண்ணன் காலை பதினோரு மணி வரை படுத்தே கிடப்பான், பல் தேய்க்கச் சொன்னால் ஒரு மணி நேரம், சிரிப்பு இல்லை, கிரிக்கெட் பார்ப்பதில்லை. நோய்தான் போய்விட்டதே, இது சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி தினமும் காலையில் திட்டு விழுந்தது. அதுவும் நோய்தான். குரலை அடக்கும் மாத்திரைக்கு இந்தப் பகுதி அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சின்ன வேலை, அப்புறம் இன்னொன்று என்று பழக்கித்தான் மீட்க வேண்டும். அண்ணனுக்கு அது வாசலில் தண்ணீர் தெளிப்பதில் ஆரம்பித்தது. எட்டு மாதம் கழித்து ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வந்தான், அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தார்.

திட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே போன ஆண்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பெற்றோர் வீட்டுக்கோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பி வந்திருந்தது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டியதில், ஓயாமல் குறை சொல்வதும் வெறுப்பைக் கொட்டுவதும் ஒரு காரணம் என்று தெரிந்தது. கூடவே, வளர்ந்த ஆளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, அவன் மூச்சு விடுவதைக்கூடக் கண்காணிக்கிற அளவு மீறிய அக்கறையும். இதைப் படித்தபோது எனக்கு அம்மா முகம்தான் வந்தது. குடும்பத்தால்தான் நோய் வருகிறது என்று யாராவது இதிலிருந்து முடிவுக்கு வந்தால் அது அபத்தம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மூளை வளர்ச்சிக்கு உண்டு, கஞ்சாவுக்கும் உண்டு, வளர்ப்பில் குறை என்று அம்மாவைக் குற்றவாளியாக்கிய காலம் போய்விட்டது. வந்த நோய் அடிக்கடி திரும்புகிறதா என்பதில்தான் வீட்டுச் சூழலுக்கு வேலை.

அடுத்தது வாதாடுவது. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா தன் மனசில் இருப்பதைப் படிக்கிறது என்று சொல்லி அண்ணன் ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டியிருந்தான். அப்பா அவனைக் கையைப் பிடித்து எதிர்வீட்டு மாடிக்கே கூட்டிப்போய், இது டி.வி.க்குடா, பார் என்று காட்டினார். அண்ணன் பார்த்தான். "உங்களையும் வாங்கிட்டாங்களாப்பா?" என்று கேட்டான். அதற்கப்புறம் நாலு மாதம் அப்பாவோடு பேசவில்லை. ஆதாரம் காட்டி இந்த நம்பிக்கையை உடைக்கவே முடியாது, உடைக்கப் போனவரும் சதியில் சேர்ந்துவிடுவார். ஆமாமாம் என்று தலையாட்டுவதும் தப்பு, நாளைக்கு அதுவே சாட்சி ஆகிவிடும். எங்களுக்கு ஒரு செவிலியர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது, அது பயமாக இருக்கும் என்று புரிகிறது. நான் கூட உட்காரட்டுமா?" கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, மூச்சுமுட்டக் கோபம் வருகிற நேரத்தில் சொல்லிப் பாருங்கள்.

கோயில், தர்கா, கோடாங்கி பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்களும் குறி கேட்டோம், தாயத்து கட்டினோம், குணசீலம் கோயிலில் போய்த் தங்கினோம். கும்பிடுவதில் தவறே இல்லை, அம்மாவுக்கு அது இல்லையென்றால் அவரும் படுத்திருப்பார். மருந்தை ஆரம்பிக்காமல் அங்கே தள்ளிப்போட்ட ஒன்றரை வருஷம்தான் தவறு, சிகிச்சை இல்லாமல் போகிற ஒவ்வொரு மாதமும் பின்னால் மீள்வதைக் கடினமாக்குகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்கா இருக்கிற ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள், அதையும் மறக்கக் கூடாது. இப்போது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு அரசு மருத்துவமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டும் கூடவே போகலாம்.

சரி, மாத்திரை. எல்லா வீட்டிலும் நடக்கிற, எல்லோரும் செய்து பார்த்தே ஆக வேண்டும் என்பது போலச் செய்கிற தவறு இதுதான். ஆறேழு மாதத்தில் ஆள் தேறுகிறான், தூங்குகிறான், சிரிக்கிறான், இனிமேல் எதற்கு, கிட்னி போய்விடும் என்று பெரியப்பா சொல்கிறார், நிறுத்துகிறோம். இதில் ஒரு கெட்ட தந்திரம் ஒளிந்திருக்கிறது: நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆவதில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும்கூட ஒன்றும் ஆகாது, பாருங்கள், மருந்தில்லாமலே நன்றாக இருக்கிறான் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வோம். அப்புறம் தூக்கம் குறைகிறது, தனியாகச் சிரிப்பு வருகிறது, அதற்குள் யாரும் மாத்திரை நிறுத்தியதை இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முதல் தடவை நோய் வந்தவர்களுக்கே குறைந்தது ஓரிரு வருஷம் மருந்து தொடர வேண்டும் என்பார்கள், திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நீண்ட காலம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் கையில், மெல்ல மெல்ல.

நிறுத்துகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது, பக்கவிளைவு நிஜம். கை நடுங்கும், உடம்பு இறுகும், எச்சில் ஒழுகும், எடை ஏறும், சர்க்கரை வரும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், தாம்பத்தியத்தில் சிக்கல் வரும் (இதை எந்த ஓ.பி.யிலும் யாரும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை). சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கச் சொல்லும் ஒரு தவிப்பு வரும், நோய் முற்றுகிறது என்று நினைத்து டோஸைக் கூட்டச் சொல்வோம், உண்மையில் மருந்தால் வந்ததாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. தினமும் விழுங்க மறப்பவர்களுக்கு இரண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. மற்ற மருந்துகள் கேட்காதபோது குளோசாபின் இருக்கிறது, ஆனால் அதற்கு ரத்த அணுப் பரிசோதனை தவறாமல் வேண்டும், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கிற மருந்து அது இல்லை. இன்னொன்று, சிகரெட், பீடிப் புகை குளோசாபின், ஓலன்சபின் என்ற இரண்டு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் குறைத்துவிடும். திடீரென்று புகையை விட்டால் அளவு ஏறும். விட்டாலும் சொல்லுங்கள், பிடித்தாலும் சொல்லுங்கள்.

ரசத்தில், காபியில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிற வீடுகள் எத்தனை என்று கணக்கே கிடையாது. ஏன் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது, குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிற ஒருவன் டம்ளரின் அடியில் வெள்ளைத் தூளைப் பார்த்தால் என்ன ஆகும்? பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா சொன்னார், மகன் கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லையாம், தெருக்குழாயில் குடிக்கிறான்.

அப்புறம் கல்யாணம். ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மறைத்துச் செய்து வைப்பது. சந்தோஷமான சடங்கும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்து, மாப்பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியக் கூடாதே என்று நிறுத்தியும் வைத்தால், முகூர்த்தம் முடிந்த மாதத்திலேயே ஆஸ்பத்திரிதான். மறைத்தது தெரிந்தால் கோர்ட்டில் அதுவே ஏமாற்று என்று நிற்கும். பெண்ணுக்கு நோய் என்றால் புகுந்த வீட்டார் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை வைத்து மட்டும் விவாகரத்து கொடுக்க முடியாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லியிருக்கிறது. கல்யாணமே கூடாது என்பதில்லை, நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும், எல்லோருமே சொல்லிவிட்டுச் செய்துகொண்டவர்கள்.

உதவி எங்கே? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். நடுராத்திரியில் பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்றோ, குரல் சாகச் சொல்கிறது என்றோ ஒருவர் சொன்னால் மிரட்டுகிறான் என்று விட்டுவிடாமல் உடனே கூடவே இருந்துகொண்டு அந்த எண்ணையோ 108ஐயோ கூப்பிடுங்கள். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, சிகிச்சையோடு வேலைப் பயிற்சியும் தருகிறது. 1993இல் தொடங்கிய பேன்யன் என்ற அமைப்பு, நோயோடு தெருவில் விடப்பட்டவர்களுக்காக. மாற்றுத்திறனாளி சான்றிதழை அவமானம் என்று வாங்காமல் இருக்காதீர்கள், 40 சதவீதம் பாதிப்பு இருந்தால் இந்த நோய்க்கும் உண்டு. அப்பாவோ அம்மாவோ மத்திய அரசு ஊழியர் என்றால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது, மாநில அரசு ஊழியர்களும் தங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவைத்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

2017 சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, திரும்ப உடம்பு சரியில்லாமல் போனால் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், யார் தன் சார்பில் முடிவெடுக்கலாம் என்று எழுதிவைக்கலாம். போன வருஷம் பொங்கல் லீவில் அண்ணனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது முதல் வரி. ஒரு குறிப்பிட்ட ஊசி போட்டபோது கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, அது வேண்டாம் என்பது இரண்டாவது. முடிவெடுக்க அப்பா வேண்டாம், தங்கச்சி என்று எழுதினான், அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியை எழுத ரொம்ப நேரம் யோசித்தான். "வண்டியில் ஏத்தும்போது பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடாதீங்க, நான் நடந்தே வர்றேன்."