தூண்டில் படகுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கும் முன்

ஃபிஷ் ஃபைண்டர் என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. அதை வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது திரைதான். 5 அங்குலமா, 7 அங்குலமா, 9 அங்குலமா என்று பேச்சு தொடங்கும். விற்பவர் ஓட்டிக் காட்டும் படத்தில் மீன்கள் வில் வில்லாக வளைந்து நிற்கும். அது கடல் அல்ல, கருவிக்குள் இருக்கும் சிமுலேட்டர். எந்தக் கருவியிலும் அது அழகாகத்தான் ஓடும். கடலில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரும், அதைப் படகில் எங்கே, எப்படிப் பொருத்தினீர்கள் என்பதும்தான். அதனால் டிரான்ஸ்டியூசரை முதலில் முடிவு செய்யுங்கள். திரைக்கு மிச்சக் காசு போதும்.

இங்கே கணக்கில் எடுத்திருப்பது சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் போகும் 18 முதல் 28 அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு இன்ஜின்.

எத்தனை பாகத்தில் மீன் பிடிக்கிறீர்கள்?

நம் கரைக்காரர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கருவியில் ‘ஃபேதம்’ என்றொரு அளவு இருக்கும், அது 1.83 மீட்டர், கிட்டத்தட்ட அதே பாகம். ஆழ அளவை அதில் வைத்துக்கொண்டால் உள்ளூர்க்காரர் “பதினெட்டுப் பாகத்துல பார் இருக்கு” என்று சொல்லும்போது மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு.

காலையில் போய் மதியம் திரும்பும் படகு பெரும்பாலும் 10 முதல் 60 மீட்டருக்குள்தான் நிற்கும். பாக் விரிகுடா அதைவிடவும் ஆழம் குறைந்தது. கண்டத்திட்டின் விளிம்புவரை போகிறவர்களுக்கு மட்டுமே 100 மீட்டருக்கு மேல் கவலை. விளிம்பைத் தாண்டினால் தரை சரசரவென்று நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். உங்கள் படகு எந்த ரகம் என்பதை நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள். “என்றைக்காவது ஆழத்துக்குப் போவோம்” என்று வாங்கிய 1 கிலோவாட் கருவிகள் பல, 20 மீட்டர் தண்ணீரில் காலம் தள்ளுகின்றன.

அதிர்வெண், கூம்பு, மறைந்துபோகும் மீன்

டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கூம்பு வடிவில் கீழே அனுப்புகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குக் கூம்பு குறுகலாக இருக்கும்: 12 முதல் 20 டிகிரி. 50 கிலோஹெர்ட்ஸில் அதே டிரான்ஸ்டியூசரின் கூம்பு 45 டிகிரி வரை விரியும். 50 ஆழமாகப் போகும், 200 நுணுக்கமாகக் காட்டும் என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் தூண்டில்காரருக்கு அதைவிட முக்கியமான ஒன்று இந்தக் கூம்பில் ஒளிந்திருக்கிறது.

40 மீட்டர் ஆழத்தில் 20 டிகிரி கூம்பு தரையில் 14 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 45 டிகிரி கூம்பு பார்ப்பது 33 மீட்டர். அகலம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கருவிக்குத் திசை தெரியாது, தூரம் மட்டுமே தெரியும். நேர் கீழே இருக்கும் தரையின் எதிரொலி முதலில் வந்துவிடுகிறது. கூம்பின் ஓரத்தில் தரையை ஒட்டி நிற்கும் மீனின் எதிரொலி அதற்குப் பிறகு வந்து தரைக்கோட்டுக்குள் கலந்து காணாமல் போகிறது. 40 மீட்டரில் 45 டிகிரி கூம்பின் ஓரத்தில் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம்வரை இருக்கும் மீன் இப்படி மறையும். 12 டிகிரி கூம்பில் மறைவது வெறும் 22 சென்டிமீட்டர். களவாவும் சங்கராவும் பாரை ஒட்டித்தான் கிடக்கும். அவற்றைத் தேடுகிறவருக்குக் குறுகிய கூம்பே உதவும். அகலக் கூம்பு புது இடத்தில் பாரைத் தேடி அலையும்போது வைத்துக்கொள்ள நல்லது.

60 மீட்டருக்குள் நிற்கும் படகுக்கு 200 அல்லது உயர் அதிர்வெண் சர்ப் டிரான்ஸ்டியூசர் ஒன்றே போதும். விளிம்புவரை போகிறவர் 50/200 இரட்டை அதிர்வெண் வாங்கலாம்.

சர்ப் என்பது ஒரே அதிர்வெண்ணில் தட்டாமல், உதாரணமாக 150-லிருந்து 240 கிலோஹெர்ட்ஸ்வரை ஒலியை ஏற்றிக்கொண்டே போவது. பழைய முறையில் ஒரு துடிப்பு 0.1 மில்லிசெகண்ட் நீண்டால், செங்குத்தாக 7.5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு மீன்கள் ஒன்றாகத் தெரியும். ஆழம் கூடக் கூடக் கருவி துடிப்பை நீட்டும். 1 மில்லிசெகண்ட் ஆகும்போது அந்த இடைவெளி 75 சென்டிமீட்டர் ஆகிவிடும், கூட்டம் மொத்தமும் ஒரு கட்டியாகத் தெரியும். சர்ப்பில் இந்தக் குழப்பம் பெருமளவு குறைகிறது. ஆனால் பெட்டியில் ‘சர்ப்’ என்று அச்சடித்துவிட்டு, உள்ளே ஒரே அதிர்வெண் டிரான்ஸ்டியூசரை வைத்து விற்பதும் உண்டு. டிரான்ஸ்டியூசரின் மாடல் எண்ணை வைத்து அது எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வேலை செய்யும் என்று பாருங்கள்.

455, 800 கிலோஹெர்ட்ஸில் ஓடி, பக்கவாட்டையும் நேர் கீழையும் படமாக்கும் சைடு, டவுன் இமேஜிங் படங்கள் புகைப்படம்போல இருக்கும். விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஏரியில் எடுத்தவை. உப்புத் தண்ணீர் இந்த அதிர்வெண்களை வேகமாக விழுங்கிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் பாறை, மூழ்கிய படகு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறக்கிய செயற்கைப் பார் போன்றவற்றைத் தேட அருமையான கருவி. ஆழமான பாருக்கு அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வாட் கணக்கில் ஏமாறாமல் இருக்க

ஒரு பெட்டியில் 500 வாட், பக்கத்துப் பெட்டியில் 4,000 வாட். இரண்டும் ஒரே சக்தியாக இருக்கலாம். முதலாவது ஆர்எம்எஸ் (சராசரிச் சக்தி), இரண்டாவது பீக்-டு-பீக் (உச்சத்திலிருந்து உச்சம்வரை அளந்தது). பீக் எண்ணை 8-ஆல் வகுத்தால் ஆர்எம்எஸ் வரும். ஒப்பிடுவதற்கு ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள். 60 மீட்டர்வரை 200–300 வாட் போதும். 150 மீட்டர்வரை 500–600. அதற்கு மேல் 1 கிலோவாட், அதுவும் அந்தச் சக்தியைத் தாங்கும் பெரிய டிரான்ஸ்டியூசரோடு. 600 வாட் தாங்கும் டிரான்ஸ்டியூசரை 1 கிலோவாட் கருவியில் மாட்டினால், கருவியின் செட்டிங்கில் சக்தியைக் குறைக்காதவரை அது எரிந்துபோக வாய்ப்பு உண்டு.

எவ்வளவு வாட் போட்டாலும் சில மீன்கள் மங்கலாகத்தான் தெரியும். எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. சங்கரா, களவா, பாரை மீன் இவற்றுக்குக் காற்றுப்பை உண்டு. வஞ்சிரத்துக்கும் கடல் விராலுக்கும், சூரையில் சில வகைகளுக்கும் கிடையாது. வஞ்சிரத்துக்குப் போகிறவர் திரையில் வஞ்சிரத்தைத் தேடுவது வீண். நெத்திலி, மத்திக் கூட்டம் மேகம்போலத் தெரியும். அந்த மேகம் கிழிந்து, அமுங்கி, பந்தாகச் சுருண்டிருந்தால் அதை யாரோ துரத்துகிறார்கள் என்று அர்த்தம்.

டிரான்ஸ்டியூசரை எங்கே மாட்டுவது

துறைமுகத்தில் கட்டும் படகும் மணலில் ஏற்றும் படகும் இங்கே பிரிகின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் வருவதில்லை.

பின்பலகையில் திருகி மாட்டும் வகை மலிவானது, எளிது. ஆனால் அலையைத் தாண்டிக் கரையேறி, மணலில் இழுத்து வைக்கும் படகில் அது ஒரு மாதம் தாங்கினால் பெரிது. அப்படிப்பட்ட படகுக்கு 25 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றின் நுனியில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தி, படகின் விளிம்பில் கிளாம்ப் போட்டு, கடலுக்குள் போன பிறகு இறக்குவதுதான் சரி. வேகமாக ஓடும்போது தூக்கிவிட வேண்டும். நின்றோ, மிதந்து நகர்ந்தோ தூண்டில் போடுகிறவருக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. குழாயை ஒரு கயிற்றால் படகோடு கட்டிவையுங்கள்.

பின்பலகையில் நிரந்தரமாக மாட்டுவதானால்:

- பின்னாலிருந்து பார்க்கும்போது காற்றாடி கடிகாரத் திசையில் சுற்றினால் வலப்பக்கம் மாட்டுங்கள். அந்தப் பக்கம் இறக்கை கீழ்நோக்கி வருவதால் குமிழி குறைவு.
- காற்றாடியிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அதற்கு நேர் முன்னால் படகின் அடியில் வரிப்பட்டை, திருகு, தண்ணீர் உறிஞ்சும் துளை எதுவும் இருக்கக் கூடாது. அவை கிளப்பும் குமிழி நேராக டிரான்ஸ்டியூசர் முகத்தில் அடிக்கும்.
- முகம் ஃபைபர் அடியைவிட சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்று, ரொம்பக் கீழே இருந்தால் தண்ணீர்ச் சிதறல்.
- பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். துளைக்குள் மரைன் சீலன்ட் நிரப்பாமல் திருகினால் தண்ணீர் ஊறி, பலகை உள்ளுக்குள் உளுத்துப்போகும். இன்ஜினைத் தாங்குவதும் அதே பலகைதான்.

படகுக்குள்ளேயே ஒட்டி, ஃபைபர் வழியாகச் சுடும் வகையும் உண்டு. கெட்டியான ஃபைபரில் மட்டும் வேலை செய்யும். நடுவில் ஃபோமோ மரமோ வைத்த அடியில் ஒலி அங்கேயே அடங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் சோதியுங்கள்: 20–30 மீட்டர் ஆழத்தில் இன்ஜினை நிறுத்தி, டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு வெளியே பிடித்துத் தரை எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு படகுக்குள் சில சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் முகம் மூழ்க வைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. தரையே மறைந்தால் அந்த இடம் ஆகாது. ஒட்ட மெதுவாக இறுகும் எபாக்சி வேண்டும். அவசரத்தில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டாலும் அவ்வளவு உழைப்பும் போச்சு. இந்த முறையில் கடல்நீரின் வெப்பநிலையும் சரியாகக் கிடைக்காது.

மின்சாரம்

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறு இன்ஜின் என்றால் படகில் பேட்டரியே இருக்காது. 5 முதல் 7 அங்குலக் கருவி சுமார் 0.5–1.5 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர், 6 மணி நேரம் என்றால் 6 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் சாகும், ஆகவே 12 ஆம்பியர்-மணி தேவை. யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை மாட்டிவிட்டு, “மதியத்துக்கு மேல் அணைந்துபோகிறது” என்று கருவியைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடையும் குறைவு, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம்.

செல்ஃப் ஸ்டார்ட் இன்ஜினின் பேட்டரியிலிருந்தே எடுத்தால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் சரிந்து கருவி அணைந்து எழும். தனி பேட்டரி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும், அளவு கையேட்டில் சொன்னபடி. ஈயம் பூசிய செம்புக் கம்பி போடுங்கள்; வெறும் செம்பு உப்புக்காற்றில் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும்.

இப்போது திரை

அங்குலத்தைவிடச் செங்குத்துப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 480 புள்ளிகளில் 48 மீட்டர் ஆழத்தைக் காட்டினால் ஒரு புள்ளிக்கு 10 சென்டிமீட்டர். நிமிர்ந்து நிற்கும் 3.5 அங்குலத் திரை ஒன்றிலும், படுத்த 5 அங்குலத் திரை பலவற்றிலும் இதே 480-தான் இருக்கும். பெரிய திரையில் அகலம் கூடும். ஆனால் அகலம் காட்டுவது கடந்துபோன நேரத்தை. வரைபடத்தையும் சோனாரையும் (எதிரொலிப் படம்) பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதானால் 7 அங்குலம் வேண்டும், இல்லையென்றால் 5 போதும். வெயிலில் தெரிகிறதா என்று கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், நீங்கள் கடலில் போடும் போலரைஸ்டு கண்ணாடியோடு. சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே கறுத்துவிடும்.

ஜிபிஎஸ் இல்லாத ஃபிஷ் ஃபைண்டர் வாங்காதீர்கள். கண்டுபிடித்த பாரைக் குறித்துவைக்க முடியாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி தேட வேண்டியதுதான். விலை குறைந்த மாடல்களில் புள்ளி குறிக்க மட்டும் முடியும், வரைபடம் இருக்காது. சிலவற்றில் வரைபடம் இருக்கும், ஆனால் அமெரிக்க ஏரிகளுடையது. இந்தியக் கடலுக்கான அட்டை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முன்பே கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லை, இலங்கையோடான 1974, 1976 ஒப்பந்தங்களின் கடல் எல்லை ஆகியவற்றுக்கு அருகே போகிறவருக்கு வரைபடம் ஆடம்பரம் அல்ல.

முதல் நாள் கடலில்

தண்ணீர் வகையை உப்புநீர் என்று மாற்றுங்கள். பல கருவிகள் நன்னீரில் அமைக்கப்பட்டு வரும்; அப்படியே விட்டால் ஆழம் சில சதவீதம் குறைவாகக் காட்டும். மீன் பொம்மை காட்டும் வசதியை அணையுங்கள். பாசித் துணுக்கையும் குமிழியையும்கூட அது மீனாக்கிவிடும். சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு மெல்லிய எதிரொலிவரை காட்ட வேண்டும் என்ற அளவு) மெல்ல ஏற்றி, திரை முழுக்கப் புள்ளி தெளிக்கத் தொடங்கும்போது ஒரு படி இறக்குங்கள். தரைக்கோடு தடித்து, அதன் கீழே இரட்டை ஆழத்தில் இன்னொரு கோடும் வந்தால் கெட்டித் தரை அல்லது பார். மெலிந்து மங்கினால் சேறு.

கோடு கோடாக இரைச்சல் வந்தால் இன்ஜினை நியூட்ரலில் வைத்து முறுக்குங்கள். படகு நகராமலே இரைச்சல் ஏறினால் அது மின்சாரத் தொல்லை: டிரான்ஸ்டியூசர் கேபிளை இன்ஜின் கம்பிகளிலிருந்து பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள். நீளம் மிஞ்சினால் வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டுங்கள். நியூட்ரலில் சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டும் தரை தொலைந்தால் குமிழிதான் காரணம். டிரான்ஸ்டியூசரை 3 மில்லிமீட்டர் இறக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். சாய்வாக விட்டுவிட்டு வரும் புள்ளிகள் பக்கத்துப் படகின் ஃபிஷ் ஃபைண்டரிலிருந்து வருபவை. அதிர்வெண்ணைச் சற்று மாற்றினால் போய்விடும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முகத்தில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) பிடித்தால் பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகச் சுரண்டலாம்; பெட்ரோலும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக் கூடாது, முகம் வெடித்துவிடும்.