பால் கவரின் மூலையைத் துண்டாக்காதீர்கள்

பால் கவரைக் கத்தரிக்கும்போது மூலையை முழுவதும் வெட்டி எடுக்காதீர்கள். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்க, முக்கால்வாசி வெட்டினாலே பால் தாராளமாக விழும். நகமளவே உள்ள அந்த முக்கோணம் தனியே விழுந்தால் குப்பை பிரிப்பவர் கைக்குச் சிக்காது. பெருக்கும்போது சாக்கடைக்குத்தான் போகும். எங்கள் வீட்டுப் பாத்திரத் தொட்டியின் சல்லடையிலிருந்து ஒருமுறை பதினொரு துண்டுகளை எடுத்தேன், மனது கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு அளித்தார்கள். பாலிஎத்திலீன் என்பதால் மறுசுழற்சிக்கு நல்ல பொருள்தான். ஆனால் பால் பிசுக்கோடு கிடந்தால் நாறும், பழைய பேப்பர் கடையில் வாங்கத் தயங்குவார்கள். இரண்டு முறை அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம்.