எம்பி என்றால் எந்த எம்பி? இணைய வேகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நூறு எம்பி நெட் போட்டிருக்கேன், டவுன்லோடு பன்னிரண்டு எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது புலம்பினால், பெரும்பாலும் அவருடைய இணைப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. அவர் சொன்ன முதல் எம்பி வினாடிக்கு மெகாபிட், இரண்டாவது எம்பி வினாடிக்கு மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். நூறை எட்டால் வகுத்தால் 12.5. வர வேண்டிய வேகம்தான் வந்துகொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை ஒரே எழுத்து தாங்குகிறது. சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது கிடையாது. 'எம்பி' என்று எழுதிய உடனேயே எட்டு மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பேச்சிலும் இதே கதைதான். அதனால் தமிழில் எழுதும்போது மெகாபிட், மெகாபைட் என்று முழுதாகவே எழுதுங்கள். தொலைபேசியில் சொல்வதாக இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.

எட்டை மறப்பது அவ்வளவு சுலபமா என்று தோன்றலாம். நானே மறந்திருக்கிறேன். ஒருமுறை 2 டெராபைட் தரவை வினாடிக்கு 1 ஜிகாபிட் செல்லும் கேபிள் வழியாக வேறொரு சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2 டெரா என்றால் 2,000 ஜிகா, வினாடிக்கு 1 ஜிகா போகும், ஆக 2,000 வினாடி. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உண்மையில் தேவைப்பட்டது குறைந்தது 16,000 வினாடி, அதாவது 4 மணி 26 நிமிடம். என் பேச்சை நம்பிச் சிலர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் 'ஜிகா' என்று இருந்ததால் அலகு ஒன்றுதான் என்று கண் ஏமாந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுகிறேன். 2,000 ஜிகாபைட், அதாவது 16,000 ஜிகாபிட். அதன் பிறகுதான் வகுத்தல்.

அடுத்த தவறு 1024. கணினி என்றாலே கிலோவுக்கு 1024 என்று பலருக்கும் மனப்பாடம். நினைவகத்துக்கு அது சரி, அங்கே எல்லாம் இரண்டு இரண்டாகப் பெருகுகிறது. தரவு வேகம் அப்படியில்லை. பழைய டிஜிட்டல் தொலைபேசித் தடத்தையே பாருங்கள். குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு முறைக்கும் 8 பிட் அனுப்புவார்கள். மொத்தம் 64,000 பிட். அதைத்தான் 64 கிலோபிட் என்றார்கள், 65,536 அல்ல. மெகாபிட்டும் ஜிகாபிட்டும் இதே வழிதான், ஆயிரம் ஆயிரமாக ஏறும்.

அப்புறம், குழப்பம் எங்கே வருகிறது? கோப்பின் அளவில். விண்டோஸ் 'ஜிபி' என்று காட்டுவது 1024-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது 107,37,41,824 பைட். மேக் கணினியில் 2009-இல் வந்த பதிப்பு முதல் 100 கோடி பைட்தான் ஒரு ஜிபி. 1024 கணக்கில் வரும் ஜிபிக்கு ஜிபிபைட் (gibibyte) என்ற தனிப் பெயரை 1998-லேயே வகுத்தார்கள், ஆனால் அன்றாடப் பேச்சில் அது ஒட்டவில்லை. கிலோவில் 2.4 சதவீதமாக இருக்கும் இந்த வித்தியாசம், ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். விண்டோஸ் 4 ஜிபி என்று காட்டும் வீடியோ, 100 மெகாபிட் இணைப்பு. எட்டை மறந்தவர் 40 வினாடி என்பார். எட்டைச் சேர்த்தால் 320 வினாடி. 1024 கணக்கையும் சேர்த்தால் சுமார் 344 வினாடி. அதோடு தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும், ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரி, சரிபார்ப்பு போன்றவற்றுக்குக் கொஞ்சம் இடம் போகிறது. ஈதர்நெட் கேபிளில் வழக்கமான 1500 பைட் பொட்டலம் என்றால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 95 சதவீதம்தான். ஆக, எல்லாம் நன்றாக நடந்தாலும் 6 நிமிடம் ஆகும்.

எல்லா இடத்திலும் எட்டால் வகுத்தால் போதும் என்பதும் தவறுதான். 5 ஜிகாபிட் யூஎஸ்பியை எட்டால் வகுத்தால் 625 மெகாபைட் வரும். ஆனால் அங்கே 8 பிட் தரவைக் கேபிளில் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள், அதனால் பத்தால் வகுக்க வேண்டும். 500 மெகாபைட்தான் உச்சம். 6 ஜிகாபிட் சாட்டா (SATA) இணைப்பில் ஓடும் கணினி வட்டுக்கும் இதே காரணத்தால் 600. ஆனால் 10 ஜிகாபிட் யூஎஸ்பியில் முறை வேறு. ஒவ்வொரு 132 பிட்டிலும் 128 பிட் தரவு, அங்கே பத்தால் வகுத்தால் கணக்கு பிசகும். சீரியல் போர்ட்டில் வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க பிட், முடிவு பிட் என்று இரண்டு கூடுவதால் வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 பைட்தான் போகும்.

கடைசியாக நேரம். வினாடி வேகத்தை மணிக்கணக்காக மாற்றும்போது 60-ஆல் ஒரு முறை மட்டும் பெருக்கிவிட்டு விடுபவர்கள் உண்டு. பெருக்க வேண்டியது 3,600-ஆல். வினாடிக்கு 1 மெகாபிட் என்பது மணிக்கு 450 மெகாபைட், நாளுக்கு 10.8 ஜிகாபைட், 30 நாளுக்கு 324 ஜிகாபைட். இதைத் திருப்பிப் போட்டு, "மாதத்துக்கு 324 ஜிகாபைட்தான் செலவாகிறது, அப்படியானால் எனக்கு 1 மெகாபிட் இணைப்பே போதும்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அது இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் வரும் சராசரி. சாயங்காலம் உட்கார்ந்து 5 மெகாபிட் வீடியோ ஒன்றைப் போட்டால், ஒரு நிமிடக் காட்சி வந்து சேரவே அந்த இணைப்பில் 5 நிமிடம் ஆகும்.